முட்டை ஓடு போட்டும் தக்காளியின் அடி கருக்கிறது

கேள்வி:
தொட்டித் தக்காளியில் காயின் அடிப்பக்கம் கருத்துக் குழி விழுகிறது. கால்சியம் குறைவு என்றார்கள். முட்டை ஓட்டைக் கையால் நொறுக்கி மண்ணில் கலந்து ஒரு மாதம் ஆகிறது. கிளறினால் ஓடு அப்படியே கிடக்கிறது. எப்படிப் போட வேண்டும்?

பதில் 1:
அப்படியேதான் கிடக்கும். ஓட்டில் சுமார் 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். வெறும் தண்ணீரில் அது கரையாது, மண்ணிலுள்ள அமிலம்தான் கரைக்க வேண்டும். துண்டு பெரிதானால் வருடக்கணக்கில் ஆகும். ஓட்டைக் கழுவி 10 நிமிடம் கொதிக்கவிட்டு (சால்மோனெல்லா கிருமி பயம் போகும்), மொறுமொறுவென்று காயவைத்து, மிக்சியில் மாவாக அரையுங்கள். ஈரம் இருந்தால் உள்சவ்வு பிளேடில் சுற்றிக்கொள்ளும், தூளும் கட்டிதட்டும். மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து, நிற்பதை மறுபடி அரையுங்கள். தூசு அடங்கிய பிறகு மூடியைத் திறப்பது நல்லது.

பதில் 2:
மண்ணின் பிஎச் (அமில-கார அளவு) 7-க்கு மேல், அதாவது காரமாக இருந்தால் மாவும் லேசில் கரையாது. அவசரத்துக்கு வினிகர்தான் வழி. 10 கிராம் தூளுக்கு 5 சதவீத வினிகர் 240 மில்லி. பொங்கும், அதனால் பெரிய பாத்திரம் எடுங்கள். வாயு வெளியேற வேண்டும், மூடியை இறுக்காதீர்கள். நுரை நின்றபின் அடியில் கொஞ்சம் தூள் மிஞ்சினால் அமிலம் தீர்ந்தது என்று அர்த்தம். எல்லாம் கரைந்துவிட்டால் இன்னும் ஒரு சிட்டிகை போடுங்கள். வடிகட்டி, ஒரு பங்குக்கு 100 பங்கு தண்ணீர் சேர்த்து வேரில் ஊற்றுங்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 165 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும்.

பதில் 3:
கணக்கு சரி. ஆனால் பெரும்பாலும் கோளாறு ஓட்டில் இல்லை, தண்ணீர் ஊற்றுவதில் இருக்கிறது. வேர் உறிஞ்சும் நீரோடுதான் கால்சியம் மேலே ஏறும். நீரை அதிகம் ஆவியாக்குவது இலை, அதனால் பெரும்பங்கு அங்கேதான் போகும். இலைக்குப் போனது காய்க்குத் திரும்பாது. இலைமேல் தெளித்தும் பெரிய பயனில்லை. தொட்டி ஒருநாள் வறண்டு மறுநாள் ஊறினால், மண்ணில் கால்சியம் இருந்தும் காய் பட்டினிதான். மூடாக்கு (மண்ணை மூடக் காய்ந்த இலை, வைக்கோல்) போட்டு ஈரத்தைச் சீராக வையுங்கள். அம்மோனியம் உரம் போடுகிறீர்களென்றால் நிறுத்துங்கள், அது கால்சியத்தோடு போட்டி போடும். கருத்த காய் தேறாது, பறித்துவிடலாம்.

கேட்டவர்:
நன்றி. மிச்சமுள்ள துண்டு ஓட்டைச் செடியைச் சுற்றிப் போட்டால் நத்தையாவது வராமல் இருக்குமா?

பதில் 1:
நம்பாதீர்கள். சளியை விட்டு அதன்மேல் சாவகாசமாக ஏறிப்போகும். அதையும் அரைத்துவிடுங்கள்.