பெங்களூர் பக்கம் ஒயினரி போனவங்க யாராச்சும் இருக்கீங்களா?

கிருஷ்ணகிரி மக்களே, ஒரு உதவி வேணும். நானும் மச்சானும் ஒயினரி, அதாவது ஒயின் தயாரிக்கிற எடம் ஒண்ணு சுத்திப் பாக்கலாம்னு இருக்கோம், நந்தி மலை கிட்ட தொட்டபள்ளாப்பூர்ல குரோவர் ஜாம்பா இருக்கு, மைசூர் ரோட்ல சென்னபட்டணா பக்கம் சுலா இருக்கு, ரெண்டுல எதுக்குப் போலாம்? நமக்கு ஓசூர், அத்திப்பள்ளி டிராஃபிக்கத் தாண்டவே நேரம் ஓடிடும், அதனால சிட்டிக்குள்ளயே டேஸ்டிங் நடத்துற எடம் இருந்தாலும் சொல்லுங்க.

குடிக்கிறதவிட செய்றதப் பாக்கத்தான் எனக்கு ஆசை. கருப்பு திராட்சைய நசுக்கினாலும் பெரும்பாலும் சாறு வெளுப்பாத்தான் வரும், தோலோட சேத்து ஊறவிட்டாத்தான் அந்த செவப்பு எறங்கும், அதக் கிட்ட நின்னு பாக்கணும். பிப்ரவரி, மார்ச் அறுவடை சமயத்துல போனா கிரஷிங் காட்டுவாங்களா, முன்னாடியே புக் பண்ணணுமா?

இன்னொண்ணு, டேஸ்டிங் முடிச்சிட்டு யாரும் வண்டி ஓட்டக் கூடாது, அதுல நான் ரொம்ப கண்டிப்பு. பஸ்ல பெங்களூர் போய் அங்கேர்ந்து கேப் எடுத்தா, திரும்பி வர்றதுக்கு அந்தப் பக்கம் கேப் கெடைக்குமா, இல்ல நாள் வாடகைக்கே பேசிடலாமா? ரெண்டு பாட்டில் வாங்கினா பார்டர் செக்போஸ்ட்ல பிரச்சனை வருமா? போய்ட்டு வந்தவங்க விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.