கீரி ராத்திரியில கோழி பிடிக்குமா, பிடிக்காதா?

தோப்புக்காரன்:
நேத்து இந்த நாட்டுக்கோழிக் குழுவுல ஒரு பதிவு பார்த்தேனுங்க. "ராத்திரி ரெண்டு மணிக்குக் கீரி கூண்டுக்குள்ள பூந்து ஆறு கோழியை முடிச்சுருச்சு, கீரியை ஒழிக்காம நாட்டுக்கோழி வளர்க்க முடியாது"ன்னு. அதுக்குக் கீழ வரிசையா "உண்மை, உண்மை"ன்னு ஆமாம் போட்டிருக்காங்க. படிச்சதுல இருந்து மனசு ஆறலைங்க. கீரி பகல்ல திரியற சீவன். பொழுது விழுந்தா வளைக்குள்ள போயிரும். ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தது மரநாயா இருக்கும் (பேருதான் நாய், மரம் ஏறுற புனுகுப்பூனைச் சாதி அது), புனுகுப்பூனையா இருக்கும், இல்ல தெருநாயா இருக்கும். வந்தது எதுன்னே தெரியாம கீரிக்குக் கண்ணி வெச்சீங்கன்னா, கீரி சாகும், அடுத்த வாரம் மறுபடியும் கோழி போகும்.

பஞ்சாரம்:
அந்தப் பதிவு போட்டது நான்தாண்ணே. பேரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். டார்ச் அடிச்சு நானே பாத்தேன். நீள உடம்பு, குட்டைக் காலு, கூரான மூஞ்சி, சாம்பல் நிறம். வரப்புல கீரியைப் பாத்துப் பாத்தே வளந்தவன் நான். பொள்ளாச்சித் தோப்புல உக்காந்துக்கிட்டு உசிலம்பட்டியில வந்தது இன்னதுன்னு சொல்றீங்களே, இது என்ன சோசியமா?

தோப்புக்காரன்:
நீள உடம்பு, குட்டைக் கால், சாம்பல் நிறம், அத்தனையும் மரநாய்க்கும் பொருந்துமுங்க. டார்ச் வெளிச்சத்துல ஓடுற சீவனை வெச்சு முடிவு பண்ணாதீங்க. செத்த கோழியைப் பார்த்துச் சொல்லுங்க. கடி கழுத்துலயா, முதுகுலயா? தலை இருந்துச்சா? நாயா இருந்தா இறகு வாசல் பூரா பறந்திருக்கும், உடம்பெல்லாம் எச்சில் ஊறியிருக்கும், ஒண்ணைக்கூடத் தின்னாம அங்கங்க போட்டுட்டுப் போயிருக்கும்.

பஞ்சாரம்:
ரெண்டு கோழிக்குத் தலை இல்லை. கழுத்துத் தோலும் இறகும் கம்பிவலையிலயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. மத்த நாலும் உள்ள கிடந்துச்சு, கழுத்துல கடி. நாய் இல்லைன்னு எனக்கே தெரியும். கீரிதான்.

சிறுவிடை ராணி:
தம்பி, தலை வலைக்கு வெளிய இழுபட்டிருக்குன்னா வலையோட கண்ணி, அதாவது ஓட்டை, பெரிசு. நீங்க அடிச்சிருக்கறது அறுகோணக் கண்ணி போட்ட கோழிவலைதானே? அது கோழி வெளிய போகாம இருக்கத்தான் உதவும், எதையும் உள்ள வராம தடுக்காது. நாய் ஒரு இழுப்பு இழுத்தா கிழிஞ்சிரும். அரை இஞ்சுக் கண்ணி வெல்டு மெஷ் (பத்தவெச்ச கம்பிவலை) போடுங்க. அடியில அதையே வெளிப்பக்கமா ஒரு அடிக்கு மடிச்சு மண்ணுக்குள்ள விட்டு, மேல கல்லு அடுக்குங்க. தோண்டுற சீவன் எல்லாம் கூண்டு ஓரத்துலதான் தோண்டும், வலை தட்டுச்சுன்னா விட்டுரும். கோழி ஏறி உக்கார்ற கம்பு வலையை ஒட்டி இருக்கக் கூடாது. இருட்டுனா கோழிக்குக் கண்ணு தெரியாது, உக்காந்த இடத்தை விட்டு நகராது, வலையோரம் உக்காந்திருந்தா வெளிய இருந்தே பிடிச்சு இழுத்துரும். கதவுக்கு ஒரு கொண்டி பத்தாது, மேலயும் கீழயும் ரெண்டு போடுங்க. வந்தது கீரியா மரநாயான்னு அப்புறம் பேசிக்கலாம்.

தோப்புக்காரன்:
அக்கா, அப்புறம் பேசிக்கலாம்னு விடற விஷயம் இல்லைங்க இது. கீரி ராத்திரி வராது. இதை அவர் ஒத்துக்கட்டும், மீதியைப் பேசலாம்.

நாஞ்சில் மக்கா:
எங்க ஊர்ல வந்துருக்கு. விடியக்காலம் அஞ்சு மணி, கோழியைத் திறந்து விட்ட கையோட கீரி ஒரு பெட்டைக்கோழியைக் கவ்விட்டுப் போச்சு. நல்ல இருட்டு. சும்மா வராது வராதுன்னு சொல்லாதீங்க.

தோப்புக்காரன்:
விடியக்காலம் ராத்திரி இல்லைங்க. கீரி வெள்ளன எந்திரிச்சு வரும், சாயந்தரமும் வரும். நான் சொன்னது ராத்திரி.

நாஞ்சில் மக்கா:
கை கொண்டு போனா விரல் தெரியாத இருட்டு உமக்குப் பகலா? நல்லா இருக்கே கணக்கு.

தாம்பரம் புதியவன்:
நான் இப்பத்தான் வீட்டுப் பின்பக்கம் நாலு கோழி வளர்க்க ஆரம்பிச்சிருக்கேன். ஒரு சந்தேகம். ராத்திரின்னு எந்த நேரத்தைச் சொல்றீங்க? எங்க தெருவுல ஓட்டு மேல ஓடுற மரநாயையும் "பெரிய கீரி"ன்னுதான் சொல்றாங்க. அதை முதல்ல தெளிவுபடுத்திட்டா நல்லா இருக்கும்.

பஞ்சாரம்:
எனக்குக் கீரி எது மரநாய் எதுன்னு யாரும் பாடம் எடுக்க வேணாம். போன வருசமும் இதே தோப்புக்காரர்தான் "கின்னிக்கோழி விடுங்க, எது வந்தாலும் கத்தும், காவலே வேணாம்"னு எழுதுனாரு. நம்பி ஒரு சோடி வாங்கி விட்டேன். ரெண்டையும் நாய் தூக்கிட்டுப் போச்சு. அப்ப எங்க போச்சு இந்த அறிவு?

தோப்புக்காரன்:
காவலே வேணாம்னு நான் எழுதவே இல்லைங்க. கத்தும்னு எழுதினேன். கத்துச்சா இல்லையா? கத்துனப்ப நீங்க எந்திரிச்சு வந்தீங்களா? கின்னிக்கோழியைக் கூண்டுல அடைக்காம மாமரத்துல விட்டா விடியறப்ப அது கீழ இறங்கும், நாய் கீழதான் நிக்கும். பழி மட்டும் என் மேல.

காங்கயத்து மேய்ச்சல்:
ரெண்டு பேரும் கீரியைப் பத்திப் பேசிட்டே இருங்க. எங்க பக்கம் வந்து பாருங்க, நாய் பட்டிக்குள்ள பூந்து ஆடு ஆடாக் கடிச்சுப் போடுது. வெள்ளக்கோவில், காங்கயம், சென்னிமலைன்னு விவசாயிங்க செத்த ஆட்டை ரோட்டுல போட்டு மறியல் பண்ணுனது உங்களுக்குத் தெரியாதா? ஆட்டுக்கே இந்தக் கதின்னா கோழி எம்மாத்திரம். தெருநாய்க் கருத்தடை விதி 2023 என்ன சொல்லுது? பிடிச்ச நாயைக் கருத்தடை பண்ணி, ஊசி போட்டு அதே தெருவுலயே கொண்டு வந்து விடணும்னு சொல்லுது. கோழியைக் கடிச்ச நாய் மறுபடியும் அதே கூண்டு வாசல்ல வந்து நிக்கும். இதைப் பேசுங்க.

சிறுவிடை ராணி:
நாயைக் குத்தம் சொல்லும்போது நம்ம தப்பையும் பாக்கணும். செத்த கோழியையும் குடலையும் வேலியோரம் வீசறது யாரு? கோழிக்கடைக் கழிவைக் குளத்தங்கரையில கொட்டறது யாரு? ருசி கண்ட நாய் வேலி ஏறத்தான் செய்யும்.

காங்கயத்து மேய்ச்சல்:
அப்படியே நாய்க்குச் சோறு போடறவங்க மாதிரியே பேசறீங்க.

சிறுவிடை ராணி:
என் வீட்டுல சிப்பிப்பாறை வளருது. குட்டியில இருந்து கோழியோட பழக்கி, கோழிக்குஞ்சு அது மேல ஏறி நின்னாலும் அசையாது. சோறு போட்டுத்தான் வளர்க்கிறேன். அதுல என்ன குறை கண்டீங்க?

தோப்புக்காரன்:
சிப்பிப்பாறை முயல் விரட்டற நாய். கோழிக்குக் காவல் வெக்கக் கோம்பைதான் சரி. அது இருக்கட்டும். பஞ்சாரம் இன்னும் பதில் சொல்லலை. கீரி ராத்திரி வருமா வராதா?

பஞ்சாரம்:
பக்கத்து வீட்டுக் கேமராவுல பதிவானதை வாங்கிப் படம் போட்டிருக்கேன். பாத்துக்கங்க. கூண்டு மூலையில நிக்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

தோப்புக்காரன்:
பெரிசு பண்ணிப் பார்த்தேனுங்க. வால்ல கறுப்பும் வெளுப்புமா வளையம் வளையமாத் தெரியுது. கீரிக்கு வால்ல வளையம் கிடையாது. இது புனுகுப்பூனை. படத்தை நீங்களே போட்டு என் பேச்சை நீங்களே நிரூபிச்சிருக்கீங்க.

பஞ்சாரம்:
அது வளையம் இல்லை. கம்பிவலையோட நிழல் வால் மேல விழுந்திருக்கு.

தோப்புக்காரன்:
நிழல் வால் மேல மட்டும் விழுமா? உடம்பு மேல விழாதா? உடம்புல வரிவரியா புள்ளி இருக்கு பாருங்க, அதுவும் புனுகுப்பூனைக்குத்தான். கீரியோட ரோமம் தூவுன உப்பும் மிளகுமா இருக்கும், புள்ளி இருக்காது.

நாஞ்சில் மக்கா:
எனக்கும் நிழல் மாதிரிதான் தெரியுது. மங்கலான படத்துல புள்ளி எண்ணுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்.

பஞ்சாரம்:
எதுவா வேணா இருக்கட்டும், எனக்குக் கீரிதான். கருவாட்டுல குருணை மருந்தைத் தடவி வேலியோரம் வெக்கப் போறேன். திங்கறது எதுன்னு அப்பத் தெரிஞ்சிரும்.

சிறுவிடை ராணி:
தம்பி, அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதீங்க. விஷம் வெச்சா முதல்ல சாகறது பக்கத்து வீட்டு நாயும் பூனையும். செத்ததைத் தின்னு காக்கா சாகும். அதைக் கொத்துற உங்க கோழியும் சாகும். பெராந்து குஞ்சைத் தூக்குனா வலை கட்டறோம், அதுக்காக ஆகாசத்துக்கு மருந்து அடிப்போமா? புள்ளைங்க ஓடி விளையாடுற இடம்.

தோப்புக்காரன்:
அதோட வனவிலங்குச் சட்டம் 1972-ஐயும் ஞாபகம் வெச்சுக்கங்க. கீரியும் புனுகுப்பூனையும் அந்தச் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட விலங்கு, கொன்னா சிறை. பெயின்ட் பிரஷ்ஷுக்குக் கீரி முடி வேணும்னு ஏற்கெனவே கூட்டம் கூட்டமாக் கொன்னு தீர்த்தவங்க இருக்காங்க. வரப்புல எலியையும் பாம்பையும் பிடிக்கிற சீவன் அது. நீங்க போட்ட தப்புப் பதிவைப் படிச்சுட்டு எத்தனை ஊர்ல கண்ணி வெப்பாங்களோன்னுதான் நான் இவ்வளவு நேரமா எழுதிட்டிருக்கேன்.

பஞ்சாரம்:
என் ஆறு கோழி போனதுக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னீங்களா? அடை வெச்சிருந்த பெட்டையும் அதுல ஒண்ணு. முட்டை எல்லாம் கூமுட்டையாப் போச்சு. கீரிக்கு வக்காலத்து வாங்க மட்டும் வந்துட்டீங்க.

தோப்புக்காரன்:
போனது வருத்தம்தானுங்க. ஆனா அதைத் தின்னது கீரி இல்லை.

தாம்பரம் புதியவன்:
ராணி அக்கா சொன்ன அரை இஞ்சு வெல்டு மெஷ் எந்தக் கனத்துல வாங்கணும்? ஹார்டுவேர் கடையில கேட்டா நிறைய வகை சொல்றாங்க.

காங்கயத்து மேய்ச்சல்:
எந்த மெஷ் போட்டாலும் நாலு நாய் சேர்ந்து வந்தா நிக்காது தம்பி. முதல்ல நாய்க்கு ஒரு வழி சொல்லச் சொல்லுங்க இவங்களை.

பஞ்சாரம்:
இன்னிக்கு ராத்திரி கூண்டுக்குப் பக்கத்துலயே லைட்டைப் போட்டுக் கேமரா வெக்கிறேன். நிழல் விழாது. காலையில படம் வரும், அப்ப எல்லாரும் வந்து பேசுங்க.

தோப்புக்காரன்:
மணி தெரியற மாதிரி வெச்சு எடுங்க. அஞ்சு மணிக்கு எடுத்துட்டு ராத்திரின்னு போடாதீங்க.

நாஞ்சில் மக்கா:
அஞ்சு மணி ராத்திரிதான்.