கோழிக் கைமா வறண்டுபோகாமல் இருக்க வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் வசிக்கிறோம். என் கணவர் கொழுப்பைக் குறைக்க வேண்டியிருப்பதால், ஆட்டுக்கறிக் கைமாவை விட்டுவிட்டு, தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறிக் கைமாவுக்கு மாறியிருக்கிறோம். ஆனால், பட்டாணியும் உருளைக்கிழங்கும் சேர்த்துக் குழம்பு வைத்தால், மசாலா கறியில் இறங்காமல் தனியே நிற்கிறது. கறியோ வாயில் மரத்தூள் போல் உதிர்கிறது. வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, இஞ்சி, பூண்டு, தக்காளி எல்லாம் நன்றாகச் சுருண்டு எண்ணெய் பிரிந்த பிறகே கைமாவைப் போடுவதால் சுவை சற்றுக் கூடியிருக்கிறது, வறட்சி மட்டும் போகவில்லை. கோழிக்கறி 74 பாகை செல்சியஸ் சூட்டை எட்ட வேண்டும் என்பதால், முன்கூட்டியே இறக்கவும் மனமில்லை. தயிரில் பிசைந்து வைப்பதா, தொடைக்கறியைக் கொஞ்சம் கலப்பதா? செய்து பார்த்தவர்கள் அரைக் கிலோவுக்கான அளவோடு எழுதினால் பேருதவியாக இருக்கும்.