பழைய ஹைபிரிட் காருக்கு இன்னும் செலவழிக்கலாமா? எங்கள் அனுபவங்கள்

வெள்ளவத்தை, 2010 டொயோட்டா பிரியஸ்

பெற்றோல் எஞ்சினோடு பெரிய பற்றரியும் மோட்டரும் சேர்ந்து ஓட்டும் கார்தான் ஹைபிரிட். அதன் டாஷ்போர்டில் முக்கோண எச்சரிக்கை லைட் எரிந்தவுடன் சொந்தக்காரர் முதல் பக்கத்துக் கடைக்காரர் வரை எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: பற்றரி போய்விட்டது, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடு. தயவுசெய்து அந்தப் பேச்சைக் கேட்டு அன்றைக்கே முடிவெடுக்க வேண்டாம். முதலில் பழுது எங்கே என்று தெரிய வேண்டும், செலவுக் கணக்கெல்லாம் அப்புறம்.

என் காரில் ஸ்கேன் பண்ணியபோது வந்தது பி0ஏ80. ஹைபிரிட் பற்றரியை மாற்று என்பதற்கான கோட் அது. பல கராஜ்களில் அதைக் காட்டியவுடனேயே விலை சொல்லிவிடுவார்கள். ஆனால் நான் போன கராஜின் பாஸ், அதாவது மெக்கானிக், லப்டொப்பை என் மடியில் வைத்துவிட்டு, ஏசியை முழுதாகப் போட்டுக் கொழும்பு காலி வீதியில் ஓட்டிக் காட்டினார். இந்தப் பற்றரியில் 7.2 வோல்ட் மொடியூல்கள் 28 இருக்கின்றன, கார் அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 தொகுதிகளாகப் பார்க்கிறது. நின்றுகொண்டிருக்கும்போது எல்லா எண்களும் ஒன்றுபோலத்தான் இருந்தன. பஸ்ஸை முந்துவதற்காக அவர் எக்ஸலரேட்டரை அழுத்தியதும் நடுவில் இருந்த ஒரு தொகுதி மட்டும் சடாரென்று இறங்கியது, காலை எடுத்ததும் ஏறிக்கொண்டது. நடுவில் உள்ளவைதான் கூடச் சூடாகும், அதனால் முதலில் களைப்பதும் அவைதான் என்றார். பின் சீட்டின் ஓரத்தில் பற்றரிக்குக் காற்று போகும் வாய் இருக்கிறதே, அதன் ஃபேனையும் கழற்றிக் காட்டினார். இறக்கைகள் தெரியாத அளவுக்குத் தூசியும் துணி நூலும் முடியும் அப்பிக் கிடந்தன. கொழும்பு வெயிலில் அந்தக் காற்றும் இல்லையென்றால் பற்றரி என்ன செய்யும், பாவம்.

ஆனால் நான் காசு போடலாம் என்று முடிவெடுத்தது பற்றரியைப் பார்த்து அல்ல, எஞ்சினைப் பார்த்துத்தான். வயதான 1.8 லீற்றர் எஞ்சினில் ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் வழி) அடைத்துக்கொள்வது, ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பகுதிக்குக் கீழுள்ள அடைப்புத் தகடு) போவது இரண்டும் நடக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் உதறுகிறதா, கூலன்ட் போத்தலில் மட்டம் காரணமில்லாமல் குறைகிறதா என்று சில வாரம் விடாமல் பாருங்கள். எனக்கு இரண்டுமே இல்லை, அடித்தட்டிலும் துரு இல்லை. அப்படியானால் பற்றரி என்பது மாற்றக்கூடிய ஒரு பாகம், அவ்வளவுதான். பழுதான செல்லை, அதாவது அந்த மொடியூலை, மட்டும் மாற்றலாம் என்றும் சொன்னார்கள், விலையும் குறைவு. மிச்சம் இருப்பவையும் அதே வயதுதானே, இன்றைக்கு ஒன்று என்றால் நாளைக்கு மற்றது. யாழ்ப்பாணம் போய்வருகிற கார் என்பதால், கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் நடுவில் எங்காவது நிற்க விருப்பமில்லாமல் முழுப் பற்றரியையும் புதிதாகப் போட்டேன்.

விற்றிருந்தால்? வாங்குகிறவர் பற்றரி விலையைக் கழிப்பார், அதற்கு மேலும் கழிப்பார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை எவ்வளவு ஏறியது என்று எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் திறந்தும் வரியோடு பார்த்தால் நம்மைப்போல ஆட்களுக்குப் புதுசு எட்டவில்லை. அந்தக் காசுக்கு இன்னும் பழைய பெற்றோல் கார்தான் வரும். பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளைக்கு ஊர்ந்து போகும் நேரத்தில் என் எஞ்சின் பாதி நேரம் அணைந்திருக்கும், அந்த லாபத்தை இந்த டிராஃபிக்கில் விட எனக்கு மனம் வரவில்லை.

கொட்டாஞ்சேனை, 2012 டொயோட்டா அக்குவா

அண்ணா சொன்னது சரி, ஆனால் எல்லோருக்கும் முழுப் பற்றரி தேவையில்லை. எங்கள் கார் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் புறக்கோட்டைக்கும் மட்டும்தான் ஓடுகிறது. செல் மாற்றித்தான் ஓட்டுகிறோம், நல்ல கராஜில் எல்லா மொடியூலையும் அளந்து, ஒத்த செல்களாகச் சேர்த்துப் போட்டார்கள், வாரண்டியை எழுத்தில் வாங்கினோம். திரும்பப் பழுதானாலும் ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட் காட்டினால் காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் மட்டும் கொடுத்தபோது இந்தச் சின்ன ஹைபிரிட்தான் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது, அதை நினைத்தால் கொடுக்க மனசே வராது.

இன்னொரு விஷயம், லைட் எல்லாம் ஒரேயடியாக எரிந்தால் முதலில் 12 வோல்ட் சின்னப் பற்றரியைப் பாருங்கள். அது பலவீனமானாலும் கொம்பியூட்டர் குழம்பி இல்லாத வருத்தமெல்லாம் காட்டும். எங்களுக்கு அது ஒருமுறை நடந்தது, சின்னப் பற்றரி மாற்றியதோடு எல்லா லைட்டும் போய்விட்டது.

நுகேகொடை

நாங்கள் கைவிட்டோம், அதையும் யாராவது சொல்ல வேண்டும். மாமா வாங்கித் தந்த பழைய ஹைபிரிட் கார் அது, விற்றவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் ஓடும், ஒருநாள் ஸ்டார்ட் ஆகாது, ஒவ்வொரு கராஜிலும் ஒவ்வொரு பாகத்தின் பெயர் சொன்னார்கள். கடைசியில் ஒரு பாஸ் பின் சீட்டைத் தூக்கிக் கார்ப்பெட்டை உரித்தார். கீழே காய்ந்த சேறு, வயர் பிளக்குகளில் பச்சைப் பாசிபோல உப்பு. 2016 மே வெள்ளத்தில் வெல்லம்பிட்டி பக்கம் மூழ்கிய கார்களில் ஒன்றாக இருக்கும் என்றார். அது உண்மையா என்று எங்களுக்குத் தெரியாது, ஆனால் தண்ணீர் குடித்த கார் என்பதில் சந்தேகமில்லை. பற்றரி மாற்றலாம், இன்வெர்ட்டர் மாற்றலாம், கார் முழுக்க ஓடும் வயரிங்கை என்ன செய்வது? பாகங்களுக்காகக் கொடுத்துவிட்டோம். கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் கதவு, பம்பர், முன் லைட்டுக்கு நல்ல கேள்வி இருந்தது, எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடவே கிடைத்தது.

செலவழிக்கலாமா என்று யோசிப்பவர்கள் ஸ்கேனுக்குக் கொடுக்கும் நாளிலேயே சீட்டையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கராஜ் பாருங்கள்.