முதல் எம்பி3 பிளேயர்: 32 மெகாபைட்டில் எந்தப் பாட்டை வைத்தீர்கள்?

மெல்லிசை எழுதியது:

என்னிடம் முதலில் வந்த எம்பி3 பிளேயரில் இருந்தது 32 மெகாபைட் இடம். நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு மெகாபைட் பிடிக்கும். ஆக மொத்தம் அரை மணி நேரம், ஆறேழு பாட்டு. 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம், அவ்வளவுதான்.

இருந்தாலும் அதைக் காதில் மாட்டிக்கொண்டு ஓடிய முதல் நாள் மறக்கவே மறக்காது. குதித்தேன், படிகளில் தடதடவென்று இறங்கினேன், பாட்டு ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. உள்ளே சுற்றுகிற பாகம் எதுவும் கிடையாது. அதற்கு முன் சிடி பிளேயரை நிறைகுடம் மாதிரி அசங்காமல் ஏந்திக்கொண்டு நடந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

1998ல்தான் இந்தக் கருவிகள் கடைக்கு வரத் தொடங்கின. தென்கொரியாவின் சேஹான் நிறுவனம் எம்பிமேன் என்ற பிளேயரைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் டயமண்ட் நிறுவனத்தின் ரியோ பிஎம்பி300 வந்தது. ரியோவை விற்கவே கூடாது என்று அங்குள்ள இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டது. கணினியின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நகலெடுக்கும் கருவி, ஒலிப்பதிவுக் கருவிகளுக்கான சட்டத்துக்குள் வராது, அதனால் தடை போட முடியாது என்று 1999 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு இன்றும் அந்தத் தீர்ப்பின் மேல் பெரிய நன்றி உண்டு.

பாட்டு ஏற்றுவது தனி வேலை. பிரிண்டர் கேபிளைக் கழற்றிவிட்டு, கணினியில் அதே இடத்தில் பிளேயரின் கேபிளை மாட்ட வேண்டும். ராத்திரி படுக்கப் போகுமுன் நாளைக்கு எந்த ஆறு பாட்டு என்று முடிவு செய்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பேன். 64 கிலோபிட்டுக்குக் குறைத்தால் ஒரு மணி நேரம் கொள்ளுமே என்று ஒரு வாரம் முயன்று பார்த்தேன். குரல் பரவாயில்லை. ஆனால் ஜால்ராவும் சிம்பலும் தண்ணீருக்குள் தட்டியது போலக் குழைந்துவிட்டன. காது கவனிக்காது என்று கணித்த ஒலியை விட்டுவிடுவதுதான் எம்பி3யின் வழி. இடத்தை ரொம்ப இறுக்கினால், காது கவனிக்கிற ஒலியையும் விட வேண்டி வருகிறது. மறுபடி 128க்கே வந்துவிட்டேன். அந்த ஆறு பாட்டுகளின் இடையிசை முழுக்க எனக்கு இன்றும் மனப்பாடம்.

காரில் கேட்டவர்கள் யாராவது இருந்தால் அவசியம் எழுதுங்கள்.

நெடுஞ்சாலைக்காரன் எழுதியது:

காரில் கேட்டவன் நான். முதலில் கேசட் அடாப்டர் வைத்திருந்தேன். கேசட் மாதிரியே இருக்கும், வால் போல ஒரு ஒயர் தொங்கும், அதை எம்பி3 பிளேயரில் செருக வேண்டும். வேலை செய்தது, ஆனால் பாட்டோடு சேர்ந்து ஓர் இரைச்சலும் வந்துகொண்டே இருந்தது. அப்புறம் எம்பி3 சிடி படிக்கிற கார் ஸ்டீரியோ வாங்கினேன். 650 மெகாபைட் சிடி ஒன்றில் 128 கிலோபிட் பாட்டு 11 மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். ஒரு ராத்திரிப் பயணம் முழுக்க சிடி மாற்ற வேண்டாம் என்பதை அப்போது நம்பவே முடியவில்லை.

அந்த முதல் பயணத்துக்காக இரண்டு நாள் உட்கார்ந்து 150 பாட்டை வரிசைப்படுத்தினேன். கிளம்பும்போது எந்தப் பாட்டு, நள்ளிரவில் எது, விடியும்போது எது என்று யோசித்து யோசித்து வைத்த வரிசை. சிடியைப் போட்டதும் ஸ்டீரியோ அரை நிமிடம் மௌனமாகப் படித்தது. முதல் பாட்டு சரி. அடுத்து வந்தது பத்தாவது பாட்டு! அப்புறம் நூறாவது! கோப்புப் பெயர்களை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு அது வரிசைப்படுத்தியிருக்கிறது. அதன் கணக்கில் 1க்கு அடுத்தது 10, அதற்கடுத்தது 100. 2 எல்லாம் ரொம்பத் தள்ளி. விடியலுக்கென்று வைத்த பாட்டு ஊர் எல்லை தாண்டுமுன்பே பாடி முடித்துவிட்டது. அன்றிலிருந்து 001, 002 என்று மூன்று இலக்கம் போடாமல் நான் எதையும் சிடியில் எழுதியதில்லை.

இன்னொன்று. மீதி இடத்தில் மறுநாள் சேர்த்து எழுதிய பாட்டுகள் கணினியில் தெரிந்தன, காரில் தெரியவில்லை. சிடியில் முதல் தடவை எழுதிய பகுதியை மட்டும் படிக்கிற ரகம் அது. அழித்து எழுதும் சிடியையோ அது தொடவே இல்லை. அந்த ரகத் தட்டு லேசர் ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். தமிழில் வைத்த பெயர்கள் கேள்விக்குறிகளாக வந்தன.

ஆனால் குண்டும் குழியுமான சாலையில் அது தந்த சந்தோஷத்தைச் சொல்லியாக வேண்டும். சாதாரண இசை சிடி நொடிக்கு 1,411 கிலோபிட் கேட்கும். எம்பி3க்கு 128 போதும். பாட்டை முன்கூட்டியே படித்துச் சேர்த்து வைக்கும் இடைநினைவகம் ஒன்று ஸ்டீரியோவுக்குள் உண்டு. சாதாரண சிடியில் சில நொடிப் பாட்டுக்குத்தான் போதுமான அதே இடத்தில், எம்பி3 என்றால் பதினோரு மடங்கு பாட்டு நிற்கும். கார் எவ்வளவு குலுங்கினாலும் லேசர் நிதானமாக மறுபடி இடம் தேடிக்கொள்ளலாம். எத்தனை பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறியும் பாட்டு பாட்டுக்கு ஓடியது.

டேஷ்போர்டு எழுதியது:

நெடுஞ்சாலைக்காரரே, சிடியே இல்லாமல் கேட்ட கார் ஒன்று எனக்குத் தெரியும். நண்பர் ஒருவர் எம்பெக் வைத்திருந்தார். 1999ல் பிரிட்டனில் ஒரு சின்னக் குழு உருவாக்கிய கார் பிளேயர் அது. உள்ளே லேப்டாப் ஹார்ட் டிஸ்க், கருவியை ஓட்ட லினக்ஸ் இயங்குதளம். பாட்டு ஏற்ற வேண்டுமென்றால் கைப்பிடியைப் பிடித்து டேஷ்போர்டிலிருந்து உருவி, வீட்டுக்குள் தூக்கிப் போய்க் கணினியில் மாட்டுவார். ஆயிரக்கணக்கான பாட்டு, அத்தனையும் அவர் வைத்த வரிசைப்படியே! பிறகு சோனிக்ப்ளூ என்ற நிறுவனம் அதை வாங்கி ரியோ கார் என்று பெயர் வைத்தது. 2001ல் உற்பத்தி நின்றுவிட்டது. இவ்வளவு யோசித்துச் செய்த கருவி அத்தனை சீக்கிரம் நின்றதில் எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

மெல்லிசை எழுதியது:

இதையெல்லாம் படித்துவிட்டு இன்று காலை என் பழைய பிளேயரைத் தேடி எடுத்தேன். பென்சில் பேட்டரி ஒன்று போட்டேன். கடைசியாக ஏற்றிய ஆறு பாட்டும் அப்படியே இருக்கின்றன. நாலாவது பாட்டில் மட்டும் ஓரிடத்தில் டிக்கென்று ஒரு சத்தம். அது அப்போதும் இருந்தது.