கற்பனைப் போர் விமானம் 'வல்லூறு': மேக் 2 எட்டுமா? உதவி வேண்டும்

மீனாள், காரைக்குடி
வணக்கம். ஒரு சித்திரக்கதை எழுதி வரைந்து வருகிறேன். பர்மாவில் அரிசி ஆலை வைத்திருந்து 1942இல் ஊர் திரும்பிய நகரத்தார் குடும்பம், செட்டிநாட்டின் போர்க்கால ஓடுதளத்தை ஒட்டி 1950களில் விமானத் தொழிற்சாலை தொடங்குகிறது. பெயர் 'கானாடு விமானாலை'. முதல் போர் விமானம் 'வல்லூறு': முழுச்சுமையில் 14 டன், இரண்டு என்ஜின், ஒவ்வொன்றும் 2,200 கிலோ உந்துவிசை, வேகம் மேக் 2, அதாவது ஒலியின் வேகத்தைப் போல இரு மடங்கு. வரைந்த படங்களையும் இணைத்திருக்கிறேன். படித்த நண்பர் "இது நடக்காது" என்கிறார். எங்கே இடிக்கிறது?

முன்னாள் விமானப்படை, தேவகோட்டை
என்ஜினில்தான்மா இடிக்கிறது. 14 டன்னைத் தள்ள 4.4 டன் விசை. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நம்ம தேஜஸ் போர் விமானம் முழுச்சுமையில் 13.5 டன், ஆஃப்டர்பர்னர் (என்ஜினின் பின்பகுதியில் கூடுதல் எரிபொருளை எரித்து விசை கூட்டும் அமைப்பு) போட்டால் அதன் ஒற்றை என்ஜினே எட்டரை டன்னுக்கு மேல் தள்ளும்.

நீ கொடுத்த கணக்கு கிட்டத்தட்ட இந்தியாவிலேயே வடிவமைத்த ஜெட் போர் விமானமான நம்ம மாருத்தின் கணக்கு. ஜெர்மன் விமான வடிவமைப்பாளர் கர்ட் டாங்கின் குழு மேக் 2 என்று எண்ணித்தான் அதை வரைந்தது. 1961 ஜூன் 17இல் முதலில் பறந்தது. உடல் வடிவம் அவ்வளவு அழகு! ஆனால் நம்பியிருந்த வலுவான ஓர்ஃபியஸ் என்ற பிரிட்டிஷ் ஜெட் என்ஜின் வரவே இல்லை. ஆஃப்டர்பர்னர் இல்லாத ஓர்ஃபியஸ் 703 இரண்டை மாட்டிப் பறக்கவிட்டார்கள். ஒலி வேகத்தை ஒட்டியே நின்றுவிட்டது. என்னைக் கேட்டால் உன் கதைக்கு உயிரே அங்கேதான் இருக்கிறது. விமானம் தயார், என்ஜின் இல்லை.

பள்ளத்தூர்க்காரன்
அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. படத்தில் காற்று உள்வாயை வெறும் வட்டமாக வரைந்திருக்கிறீர்கள். மேக் 2 என்றால் ரஷ்யப் போர் விமானம் மிக்-21இன் மூக்கைப் பாருங்கள், உள்ளே முன்னும் பின்னும் நகரும் கூம்பு இருக்கும். வேகமாக வரும் காற்றை அடக்கி என்ஜினுக்குக் கொடுப்பது அதுதான். உயரத்தில் வெளியே மைனஸ் 56 டிகிரி இருந்தாலும், மேக் 2இல் மூக்கு நுனியில் 117 டிகிரி வரை சூடேறும்.

அப்புறம், ஹேங்கருக்குள் (விமானக் கொட்டகை) நம்மூர் வீட்டு வளவு முற்றம் மாதிரி நடுவே தூண்கள் வேண்டாம். இறக்கை எப்படி நுழையும்? ஆத்தங்குடிக் கல்லை அலுவலக அறைக்குப் போடுங்கள், விமானம் நிற்கும் தரைக்குக் கனமான கான்கிரீட்தான்.

மீனாள்
ரொம்ப நன்றி அண்ணே, சார். அப்படியானால் என்ஜினைப் பெரிதாக்கவா, எடையைக் குறைக்கவா?

முன்னாள் விமானப்படை, தேவகோட்டை
எடையைக் குறை. 9 டன் போதும், வேகம் மேக் 1ஐ ஒட்டி இருக்கட்டும். பெரிய என்ஜின் தேடி முதலாளி நாடு நாடாக அலைவதை இரண்டாம் பாகமாக வை. திடீரென்று ஊரிலேயே என்ஜின் செய்துவிட்டதாக மட்டும் எழுதாதே. கொதிக்கும் வாயுவில் சுழலும் டர்பைன் (என்ஜினுக்குள் இருக்கும் விசிறிச் சக்கரம்) இதழுக்கான உலோகம் அவ்வளவு சுலபமாகக் கைக்கு வராது.

மீனாள்
சரி, மாற்றிவிடுகிறேன். முதல் பறப்பு மே மாத நண்பகலில் வருகிறது. அது இருக்கலாமா?

பள்ளத்தூர்க்காரன்
வேண்டாம். 15 டிகிரியைவிட 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி 8 சதவீதம் குறைவு. இறக்கைக்கும் நஷ்டம், என்ஜினுக்கும் நஷ்டம், ஓட வேண்டிய தூரமும் கூடும். மார்கழி விடியலுக்கு மாற்றுங்கள். பனிமூட்டம் விலகியதும் கிளம்பட்டும், டேங்கில் பாதி எரிபொருள் போதும்.