ஒத்த டிரைவரா ஓடுற அண்ணனுக்கு ஓய்வு கிடைக்க வழி சொல்லுங்க

வணக்கம் உறவுகளே. எங்க அண்ணன் நாமக்கல் லாரி டிரைவர். நாக்பூர், டெல்லின்னு லாங் ட்ரிப். நேஷனல் பர்மிட் வண்டிக்கு ரெண்டு டிரைவர் கட்டாயம்ங்கிற விதியை 2018-ல எடுத்துட்டாங்க. ஸ்டியரிங் மாத்த ஆளில்ல. விடியக்காலை மூணு மணிக்கு போன் பண்ணி, "ஏதாச்சும் பேசிக்கிட்டே இரும்மா, கண்ணு சொக்குது"ங்கிறாரு. வயித்தைக் கலக்குது.

1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், தொலைதூரத்துக்கு 10, அஞ்சு மணி நேரத்துக்கு ஒருதரம் அரைமணி ஓய்வுன்னு சொல்லுச்சு. ஆனா 5 பேராவது வேலை செய்யுற இடத்துக்குத்தான். இவர் ஓனர்கிட்ட மூணே பேரு.

சின்ன ஓனர்கிட்டப் பேசி, ராத்திரி 12-ல இருந்து 5 வரைக்கும் வண்டியை ஓரங்கட்ட ஒத்துக்க வெச்சவங்க இருக்கீங்களா? எப்படிப் பேசுனீங்க? நாக்பூர் ரூட்ல நம்பி நிறுத்தித் தூங்குற இடமும் சொல்லுங்க. டீசல் திருடிடுவாங்கன்னு பயந்தே கண்ணை மூட மாட்டேங்கிறாரு.